தெரியாது என்று எழுதலாமா?

கணினியைப் பற்றி ஓர் உரை என்று அறிவித்தவுடன், "அது படிக்கிற பிள்ளைகளுக்கு, நமக்கு எதற்கு?" என்று தாய்மார்கள் அடுப்படிக்குப் போய்விட வேண்டாம். கணினிக்குள் இருக்கும் கம்பிகளையும் விசைகளையும் பற்றி நாம் பேசப்போவதில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றை அதனிடம் எப்படிச் சொல்லி வைப்பது, அதிலும் முழுதாகத் தெரியாமல் பாதி தெரிந்ததை எப்படிச் சொல்லி வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. பாதி தெரிந்த செய்திகள் நம் தோட்டத்து வீடுகளில் நிறையவே இருக்கின்றன அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். தோட்டத்தில் யாருக்கேனும் பாரம் நிரப்ப வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அன்று ஒரு பாட்டியம்மா தம் பேத்தியோடு வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பிறப்புப் பத்திரம் இல்லை. மற்றக் காகிதங்கள் பழைய லயத்து வீட்டில் கறையான் அரித்துப் போயின. பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதி முடித்துப் பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்தோம். "தேதி தெரியுமா, பாட்டி?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். நாம் 'தெரியாது' என்று மலாயில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டோம்.

பேத்தி ஆறாம் ஆண்டு மாணவி. மெதுவாக அதைப் படித்துப் பாட்டியின் காதில் சொல்லிவிட்டாள். பாட்டிக்கு வந்ததே கோபம்!

"எனக்கா தெரியாதுன்னு எழுதினீங்க, வாத்தியாரே? ஜப்பான்காரன் போன பொறவுதான் நான் பொறந்தேன். தீபாவளி கழிஞ்சிருச்சு, தைப்பூசம் இன்னும் வரல. அவசரகாலம் போட்டப்ப நான் நடந்து திரிஞ்ச பிள்ளை, ஒரு வயசு முடிஞ்சு போச்சுன்னு அம்மா சொல்லும். தம்பி பொறந்தப்ப எனக்கு ரெண்டு வயசு நிறைஞ்சிருச்சு, மூணு நிறையல. தம்பி தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தான், அவனுக்குச் சூராவும் இருக்கு. இம்புட்டும் தெரிஞ்சவளுக்குத் தெரியாதுன்னு எழுதலாமா?"

எழுதலாமா என்று எம்மைக் கேட்டாரே, அந்தக் கேள்வியை உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் கணினி அறிஞர்களும் கேட்டுக்கொண்டார்கள். அதை இப்போது பார்ப்போம். பாட்டியின் நான்கு செய்திகளையும் மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவோம்.

கணினிக்கு வேலை சொல்லும் முறை பெரும்பாலும் சமையல் குறிப்புப் போன்றது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரிசையாகக் கட்டளையிடுவது. 1972ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் அலான் கோல்மரோர், பிலிப் ரூசல் ஆகியோர் வேறு மாதிரியான மொழி ஒன்றை உருவாக்கினார்கள். அதற்குப் 'புரோலாக்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'தருக்கத்தால் நிரல் எழுதுதல்' என்னும் சொற்றொடரின் சுருக்கம் அது. எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கி என்பவரின் ஆராய்ச்சி அதற்கு அடித்தளமாக இருந்தது. இந்த மொழியில் கட்டளை போடுவதில்லை. தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டு சொல்கிறோம். வள்ளியின் தாய் செல்லம்மா. செல்லம்மாவின் அண்ணன் முத்து. இவை இரண்டும் உண்மைகள். தாயின் அண்ணனோ தம்பியோ தாய்மாமன் ஆவார், இது விதி. இவ்வளவையும் எழுதிவைத்து, "வள்ளிக்குத் தாய்மாமன் யார்?" என்று கேட்டால், முத்து என்று பதில் வரும். நாம் எங்கும் முத்துதான் தாய்மாமன் என்று எழுதவில்லை, அது தானே கோத்து எடுத்துக்கொள்கிறது. திருப்பிப் போட்டு, "முத்து யாருக்குத் தாய்மாமன்?" என்று கேட்டாலும் வள்ளி என்று சொல்லும். ஒரே விதி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உறவுமுறை சொல்வதில் நம் பாட்டிமார்களை யாரும் மிஞ்ச முடியாது என்றாலும், ஒரு பொறி இவ்வளவு செய்வது வியப்புத்தான்.

ஆனால் இந்த மொழியில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, தேடிப் பார்த்து நிறுவ முடியாததை அது 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். செல்லம்மாவுக்கு இன்னொரு தம்பி இருந்து, அவர் பெயரை எழுத நாம் மறந்திருந்தால், அந்தத் தம்பி கணினிக்குப் பிறக்கவே இல்லை. 1978இல் கீத் கிளார்க் என்னும் அறிஞர் இந்த வழக்கத்துக்கு முறையான விளக்கம் கொடுத்தார். சில இடங்களில் இது சரியே. பஸ் நிலையத்து அட்டவணையில் மூன்று மணிக்குப் பஸ் போடவில்லை என்றால், மூன்று மணிக்குப் பஸ் இல்லை என்று நாமும் முடிவு செய்கிறோம். ஏனென்றால் அட்டவணை முழுமையானது என்று நமக்குத் தெரியும். பிறப்புப் பதிவேடு அப்படிப்பட்டதா? அந்தக் காலத்தில் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் எல்லாரையும் யாரும் எழுதிவைக்கவில்லை. ஏட்டில் இல்லாததால் ஆளே இல்லை என்று கொள்வது பஸ் அட்டவணைக்குப் பொருந்தும். மனிதருக்குப் பொருந்தாது.

சட்டம் எழுதுவோர் இதை நன்கு அறிந்திருந்தனர். 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோவால்ஸ்கியும் அவர் குழுவினரும் புரோலாக் மொழி விதிகளாக மாற்றி, 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சட்டத்தில் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தையைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. பிரிட்டனில் அப்படி ஒரு குழந்தை கண்டெடுக்கப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரையில், குடியுரிமைக்கு வேண்டிய தகுதி அதன் பெற்றோருக்கு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. கவனியுங்கள். தகவல் இல்லை என்பதைக் குழந்தைக்கு எதிராகத் திருப்பாமல் குழந்தைக்குச் சாதகமாகத் திருப்பியிருக்கிறார்கள். எதுவும் தெரியாத இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்து எழுதவேண்டியிருக்கிறது. கணினி தானாக முடிவு செய்வதில்லை.

இரண்டாவது குறைதான் நம் பாட்டியோடு நேராகத் தொடர்புடையது. பெயர்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கத் தெரிந்த அந்த மொழி, கணக்கு என்று வந்தால் ஒரு பக்கம்தான் ஓடும். அக்காளின் வயது 12, தம்பி இரண்டு வயது இளையவன் என்றால், தம்பிக்கு 10 என்று சொல்லிவிடும். அக்காள் வயது தெரியாத நிலையில் அதே கணக்கைக் கேட்டால் நின்றுவிடும். "அக்காளுக்குப் பத்துக்கு மேல், பதினைந்துக்குள்" என்று சொல்லிப் பாருங்கள், அதை வைத்துக்கொள்ள அதனிடம் இடமே இல்லை. எண்ணைக் கொடு, இல்லையென்றால் போ என்னும். நாம் நிரப்பிய பாரமும் அதையேதான் சொன்னது.

இந்தக் குறையைத் தீர்க்க 1980களில் பல நாடுகளில் முயன்றார்கள். புரோலாக்கை உருவாக்கிய கோல்மரோரே அதை விரிவாக்கினார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தார் 'சிப்' என்னும் மொழியை ஆக்கினார்கள். 1987இல் ஜோக்சன் ஜாஃபர், ழான்-லூயி லாசே என்னும் இருவர் இந்த முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான கொள்கையை வகுத்துக் காட்டினர். ஜாஃபர் பின்னாளில் நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

அவர்கள் செய்தது என்ன? எண்ணுக்குப் பதிலாக வரம்பையும் தருக்க மொழிக்குள் வைத்துக்கொள்ள இடம் செய்தார்கள். புத்தகங்களில் கட்டுப்பாடு என்று எழுதுவார்கள். வயலுக்கு வரப்புப் போடுவதுபோல விடைக்கு எல்லை போடுவதால் வரம்பு என்னும் சொல்லே எமக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல், இதற்குக் கீழ், இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது, இது அதைவிட இரண்டு கூடுதல் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, கணினி எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்துக்கொள்ளும். புதிதாக ஒன்று உள்ளே விழும்போதெல்லாம், பையில் இருப்பவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்தினால் எல்லையை இன்னும் குறுக்க முடியுமா என்று பார்க்கும். இறுதி விடை கிடைக்கும்வரை காத்திராமல் வழியிலேயே களை எடுத்துக்கொண்டு போகும்.

இதன் பயனை ஒரு பழைய புதிரால் விளக்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் காகிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டியூட்னி 1924இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'செண்ட்' என்னும் நாலெழுத்துச் சொல்லையும் 'மோர்' என்னும் நாலெழுத்துச் சொல்லையும் கூட்டினால் 'மணி' என்னும் ஐந்தெழுத்துச் சொல் வரவேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம், வெவ்வேறு எழுத்துக்கு வெவ்வேறு இலக்கம், எந்த எண்ணும் சுழியத்தில் தொடங்கக்கூடாது. மொத்தம் எட்டு எழுத்துகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதென்றால் 18,14,400 விதமாகப் போட்டுப் பார்க்கலாம்.

வரம்பு வைத்துப் பார்ப்பவர் அப்படித் தொடங்கமாட்டார். இரண்டு நாலிலக்க எண்களைக் கூட்டினால் இருபதாயிரத்தை எட்டவே எட்டாது. ஆகவே ஐந்திலக்க விடையின் முதல் எழுத்தான 'எம்' 1ஆகத்தான் இருக்கவேண்டும். ஆயிரமிடத்தில் 'எஸ்' என்பதோடு அந்த 1ஐக் கூட்டினால் பத்தோ பதினொன்றோ வரும், அதற்கு மேல் வராது. அப்படியானால் 'ஓ' என்பது 0 அல்லது 1. ஒன்றுதான் ஏற்கெனவே போய்விட்டதே, எனவே 'ஓ' 0. இன்னும் ஓர் அடி போனால் 'எஸ்' 9 என்பதும் உறுதியாகிவிடும். எதையும் ஊகித்துப் போட்டுப் பார்க்காமலே மூன்று எழுத்துகள் தீர்ந்தன. மீதியில் 'இ' என்பது 4இலிருந்து 7க்குள் என்ற அளவுக்குக் குறுகிவிடும். அதன்பிறகு சில ஊகங்கள் போதும். விடை 9567உம் 1085உம் சேர்ந்து 10652. நாம் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது இந்தப் புதிருக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து, விடையும் கிடைக்காமல் சாப்பாட்டு மணியையும் தவறவிட்டோம். போட்டுப் பார்த்துப் போட்டுப் பார்த்துப் பக்கங்களை நிரப்பினோமே தவிர, வரம்பைப் பார்க்கவில்லை.

சரி, பாட்டியிடம் போவோம். அவர் சொன்னதை அந்தப் பைக்குள் ஒவ்வொன்றாகப் போடுவோம்.

ஜப்பானியர் சரணடைந்து ஆட்சி கைமாறியது 1945 செப்டம்பரில். எனவே பிறந்தது அதற்குப் பிறகு. அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948 ஜூனில், அப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. எனவே பிறந்தது 1947 ஜூனுக்கு முன். இரண்டே வாக்கியங்களில், காலமெல்லாம் பரந்து கிடந்த தேதி இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிட்டது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவே என்றார். அந்த இடைவெளி 1945ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றும் 1946ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. எது என்று இப்போது சொல்ல முடியாது, இரண்டையும் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் தம்பி. அவருடைய சூராவில் 1949 மார்ச் என்று இருக்கிறது. அன்று அக்காளுக்கு இரண்டு நிறைந்து மூன்று நிறையவில்லை என்றால், அக்காள் பிறந்தது 1946 மார்ச்சுக்கும் 1947 மார்ச்சுக்கும் இடையில். முதல் இடைவெளி விழுந்துபோயிற்று. எஞ்சியது 1946 அக்டோபர் பிற்பகுதியிலிருந்து 1947 பிப்ரவரி தொடக்கம் வரை. மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்!

தம்பியின் தேதியிலிருந்து அக்காளின் தேதிக்குப் பின்னோக்கி வந்தோமே, பழைய புரோலாக் அங்கேதான் நின்றுவிடும் என்று முன்னர் சொன்னோம். வரம்பு சேர்த்த மொழிக்கு முன்னும் பின்னும் ஒன்றே.

இன்னொன்றும் இருக்கிறது. நாள் இன்னதென்று சரியாகத் தெரியாவிட்டாலும், சில கேள்விகளுக்கு உறுதியான விடை கிடைத்துவிடும். மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்டு 31 அன்று பாட்டிக்கு என்ன வயது? 1946 அக்டோபர் கடைசியில் பிறந்திருந்தாலும் பத்து, 1947 பிப்ரவரியில் பிறந்திருந்தாலும் பத்து. பத்தைத் தவிர வேறு விடை இல்லை. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவரா பின் பிறந்தவரா என்பது இந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டத்தில் முக்கியமான வேறுபாடு. முன்தான் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இவ்வளவும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள், நாம் எழுதிய 'தெரியாது' என்பதற்குள், புதைந்து போயிருக்கும்.

ஆனால் எல்லாம் இவ்வளவு வசதியாக முடிந்துவிடவில்லை. பாட்டியின் மகன் தோட்டத்துக் கோயிலின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். அதில் 1964இல் பாட்டிக்கு நடந்த திருமணம் எழுதப்பட்டிருந்தது. மணமகள் வயது 21 என்று இருந்தது. அப்படியானால் பிறந்தது 1942 அல்லது 1943இல். ஜப்பானியர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இதையும் பைக்குள் போட்டால் என்ன ஆகும்? ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, விடை இல்லை என்று கணினி கைவிரித்துவிடும். எது பொய், எது மெய் என்று அது சொல்லாது. கோயில் நோட்டா, பாட்டியின் நினைவா? இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்பதோடு அதன் வேலை முடிந்தது. நம்மில் சிலர் கணினி சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பைக்குள் போட்டதில் பிழை இருந்தால் அது பிழையை வைத்துக்கொண்டும் அழகாகக் கணக்குப் போடும். பொருந்தாத இரண்டு விழுந்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும்.

அந்த 21ஐப் பற்றிப் பாட்டியிடமே கேட்டோம். சிரித்துவிட்டார். "எழுதினவரு பொண்ணுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. எங்கப்பா இருபத்தொண்ணுன்னு போட்டுக்கங்கன்னாரு. கொறச்சலாச் சொன்னா ஏதாச்சும் கேப்பாங்கன்னு பயம்." அப்போது அவருக்கு வயது பதினேழு. இந்தச் செய்தி எந்தப் பைக்குள்ளும் தானாக வந்திருக்காது. கேட்டால்தான் கிடைக்கும்.

இத்தகைய மொழிகள் பல துறைகளில் பயன்படுகின்றன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஹாங்காங்கின் கொள்கலத் துறைமுகத்தில் எந்தக் கப்பலை எந்த இடத்தில் கட்டுவது என்று திட்டமிட 'சிப்' மொழியைப் பயன்படுத்தினார்கள். விமானப் பணியாளர் முறைமாற்றம், தொழிற்சாலை வேலை அட்டவணை, பள்ளிக்கூடத்துப் பாட அட்டவணை எல்லாம் இந்த வகைதான். பாட அட்டவணையைப் பற்றி எம்மைக் கேளுங்கள்! ஆறு வகுப்பு, குறைந்த ஆசிரியர்கள், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்க முடியாது, கணிதத்தைக் கடைசிப் பாடமாக வைக்கக்கூடாது, திடலை ஒரு நேரத்தில் ஒரு வகுப்புத்தான் பயன்படுத்தலாம். ஆண்டு தொடக்கத்தில் பென்சிலும் ரப்பருமாக நாம் பட்ட பாட்டுக்கு வரம்பு என்றுதான் பெயர் என்பது அப்போது தெரியாமல் போயிற்று.

பாட்டியின் பாரத்தை மறுபடியும் எழுதினோம். கட்டம் சிறியது, ஒரு தேதிக்குத்தான் இடம் இருந்தது. ஆகவே அதில் 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, தனித்தாள் ஒன்றில் நான்கு செய்திகளையும், அவற்றிலிருந்து தேதி எப்படிக் குறுகுகிறது என்பதையும், கோயில் நோட்டில் உள்ள வயது ஏன் பொருந்தவில்லை என்பதையும் மலாயில் விளக்கி எழுதினோம். தம்பியின் சூரா நகலையும் வைத்தோம். பாட்டி கைநாட்டு வைத்தார். பேத்தி அந்தத் தாள் முழுவதையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். "இப்பச் சரி" என்றார் பாட்டி.

முகப்பில் இருந்த அலுவலர் தாளை இரண்டு முறை படித்தார். முடிவு தம் கையில் இல்லை என்றும் மேலே அனுப்புவதாகவும் சொல்லிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். பதில் இன்னும் வரவில்லை. தைப்பூசத்துக்கு முன் இன்னொரு முறை போய்க் கேட்கலாம் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பாரானால், அவர் நினைவில் உள்ளதை இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதியைக் கேட்காதீர்கள். எதற்கு முன், எதற்குப் பின், யாரைவிட மூத்தவர், அப்போது எந்தத் தோட்டத்தில் வேலை என்று கேளுங்கள்.